பாவு முதல் விரிப்பு வரை: நெசவு படிக்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் கோபி பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பவானியில் ஜமக்காளத் தறி ஓடிக்கொண்டிருந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள். தையலும் பூவேலையும் பிறந்த வீட்டில் பழகியது, நெசவு புகுந்த வீட்டில் பழகியது, சாயம் அதற்கப்புறம் தேடிப்போய்ப் பழகியது. இப்போது வீட்டுப் பின்கட்டில் மூன்றையும் சொல்லிக்கொடுக்கிறேன், நடுநடுவே சுவரில் மாட்டுகிற பெரிய துணிகளும் நெய்கிறேன். வகுப்பைப் பற்றி விசாரிக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளம்.

நெசவு கற்றுக்கொள்ள எத்தனை நாள் ஆகும்?

தறியில் உட்கார்ந்து மிதியை மிதித்து, குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடாவை ஓட்டி, அந்த நூலை நெருக்குகிற சீப்பு மாதிரியான அச்சை அடித்து ஒரு துண்டு நெய்து எடுப்பதற்கு ஒரு வாரம் போதும். கையும் காலும் சீக்கிரம் ஒத்துவந்தால் அதற்கு முன்னாலேயே வந்துவிடும். நெசவுத் தொழிலையே கற்றுக்கொள்ள என்றால் நாள் கணக்குச் சொல்ல என்னால் முடியாது, ஏனென்றால் நாடா ஓடுவது வேலையின் கடைசிப் பகுதிதான். அதற்கு முன்னால் நூல் கட்டான சிட்டத்தைப் பிரித்து நனைத்துச் சாயம் ஏற்றி உலர்த்த வேண்டும், ராட்டையில் சுற்ற வேண்டும், பாவு, அதாவது துணியின் நீளவாக்கு நூல், ஓட்ட வேண்டும், கஞ்சி போட்டு வெயிலில் நீட்டிக் காயவைத்துச் சுருட்ட வேண்டும், ஒவ்வோர் இழையையும் இழையைத் தூக்கி இறக்குகிற விழுதிலும் அச்சிலும் கோக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய பாவோடு பிணைக்க வேண்டும், ஊடைக்கு, அதாவது குறுக்கு நூலுக்கு, தார் சுற்ற வேண்டும், நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் நூல் சுற்றுவதுதான் தார். இவ்வளவும் முடிந்த பிறகுதான் நெய்கிறவர் வந்து உட்காருகிறார். படம் எடுக்க வருகிறவர்கள் அவர் உட்கார்ந்த பிறகுதான் கேமராவைத் திறக்கிறார்கள்.

என் வகுப்பில் முதல் பாதி முழுக்கப் பாவு வேலைதான். நேராகத் தறியில்தான் உட்காருவேன் என்பவர்களை நான் சேர்த்துக்கொள்வதில்லை. பாவு தெரியாமல் நெய்யப் பழகினவருக்கு இழை அறுந்தால் முடிச்சுப் போடத் தெரியும், ஏன் அறுந்தது என்று தெரியாது. கஞ்சி குறைந்ததா, இழுவை கூடிவிட்டதா, விழுதில் இரண்டு இழை மாறிக் கோத்திருக்கிறதா, அச்சுப்பல்லில் ஒன்று வளைந்திருக்கிறதா என்று பார்க்கிற கண் பாவு வேலையில்தான் வருகிறது.

முதல் நாள் என்ன செய்வோம்?

பிணைப்போம். தறியில் ஒரு பாவு தீர்ந்ததும் அதன் வாலை அச்சிலும் விழுதிலும் இருக்கிறபடியே விட்டுவிடுவோம். புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் அந்தப் பழைய இழையோடு சேர்த்துவிட்டு முன்னால் இழுத்தால், புதுப் பாவு தானாகவே விழுதுக்குள்ளும் அச்சுக்குள்ளும் புகுந்து வந்துவிடும், மறுபடி கோக்க வேண்டியதில்லை. சேர்ப்பது முடிச்சால் கிடையாது, முடிச்சு அச்சுப்பல்லில் மாட்டும்.

இடது கைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே இரண்டு நுனிகளையும் ஒன்றாகப் பிடியுங்கள். வலது கை விரலில் கொஞ்சம் சாம்பல் தொட்டுக்கொள்ளுங்கள், அது வழுக்காமல் பிடிப்புக் கொடுக்கும். ஒரே பக்கமாக உருட்டுங்கள், விளக்குத் திரி திரிக்கிற மாதிரி. முறுக்கு ஏறியதும் அந்த வாலை இழையின் மேலேயே மடக்கி இன்னோர் உருட்டு. மெதுவாக இழுத்துப் பாருங்கள், வரக்கூடாது. அடுத்த இழை. ஒரு துண்டுப் பாவில் இப்படி எழுநூறு இழை இருக்கும், சேலைப் பாவில் ஆயிரக்கணக்கில். பழகின கை பேசிக்கொண்டே பிணைக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் ஐம்பது இழை கழன்றுகொண்டே இருக்கும், அப்புறம் ஏதோ ஒரு கட்டத்தில் விரலுக்குப் பிடிபட்டுவிடும். அது எப்படிப் பிடிபட்டது என்று அவர்களாலும் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இதை வீடியோவில் பார்த்துப் படிக்க முடியாது என்கிறேன், பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தொட்டுக் காட்டத்தான் வேண்டும்.

நீங்கள் யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்?

என் மாமியாரிடம். ஜமக்காளத்தில் அகலத் தறி என்று உண்டு, அதில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும், ஒருவர் நாடாவைத் தள்ள மற்றவர் வாங்கித் திருப்பித் தள்ளுவார். எங்கள் வீட்டில் மாமனாரும் மாமியாரும் அப்படி உட்கார்ந்துதான் நெய்தார்கள். ஆனால் மாமியாரின் வேலை அதற்கு வெகுநேரம் முன்னால், விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். பாவடி என்கிற திறந்த வெளியில் பாவு நீட்டுவது, கஞ்சி காய்ச்சுவது, பகலெல்லாம் இடைவெளி கிடைக்கிற போதெல்லாம் தார் சுற்றுவது. நான் புதிதாக வந்திருந்த சமயம் ஒருநாள் கேட்டேன்.

"ஏனுங்க அத்தை, தார் சுத்தறதுக்கெல்லாம் கூலி தனியாத் தருவாங்களா?"

"ஜமக்காளத்துக்குத்தான் கூலி கண்ணு. தார் சுத்தறவளுக்கு ஏது?"

கூலி ஒரு ஜமக்காளத்துக்கு இவ்வளவு என்று பேசியிருந்தது, அதையும் மாமனார் கையில்தான் கொடுத்தார்கள். மாமியார் இதைக் கோபமாகச் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னார். எனக்குத்தான் அது மறக்கவே இல்லை. இன்றைக்கு நான் பாடம் நடத்துகிற முறை, விலை போடுகிற முறை எல்லாமே அந்தப் பேச்சிலிருந்து வந்தவைதான்.

வடிவத்துக்குத் தகுந்த இழைகளைத் தூக்குகிற டாபிக் கருவி வைத்துக் கரை போடுவதைச் சென்னிமலையில் பெட்ஷீட் நெய்கிற ஓர் அக்காவிடம் பழகினேன். சாயத்தை, பட்டறையில் காலமெல்லாம் வேலை பார்த்த ஒரு பெரியவரிடம் பழகினேன். அவருக்கு எழுத்தும் அளவுக் கோப்பையும் கிடையாது, ஆனால் தொட்டித் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்துச் சாயம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சொல்லுவார்.

நெசவாளர் குடும்பத்தில் பிறக்காதவர்கள் கற்கலாமா?

தாராளமாக. நானே அப்படி வந்தவள்தான். கொங்கு நாட்டில் தேவாங்கர், செங்குந்தர், பவானியில் ஜமக்காளத்தைத் தொடங்கிவைத்த ஜங்கமர் என்று தலைமுறை தலைமுறையாக நெய்தவர்கள் உண்டு. அவர்களோடு மற்ற எத்தனையோ சமூகத்தாரும் தறியில் உட்கார்ந்திருக்கிறார்கள். கற்றுக்கொண்ட இடத்தின் பெயரைச் சொல்லுங்கள், யாருடைய வடிவத்தை எடுத்தீர்களோ அவர்களைச் சொல்லுங்கள், அது போதும்.

எந்த நூல் வாங்குவது? எவ்வளவு வாங்குவது?

நல்ல கேள்வி, இதைக் கேட்கிறவர்கள் குறைவு. முதலில் கவுண்ட் புரிய வேண்டும். ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 454 கிராம் நூலில் 840 கெஜச் சிட்டம் எத்தனை வருகிறதோ அதுதான் கவுண்ட். 10 சிட்டம் வந்தால் 10 கவுண்ட், 80 வந்தால் 80 கவுண்ட். எண் ஏற ஏற நூல் மெல்லிசாகும். 2/20 என்று எழுதியிருந்தால் 20 கவுண்ட் நூல் இரண்டை முறுக்கியது, தடிமனில் 10 கவுண்டுக்குச் சமம்.

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 36 அங்குல அகலம், அங்குலத்துக்கு 20 இழை, அப்படியானால் 720 இழை. பாவு நீளம் 10 மீட்டர் என்றால் மொத்தம் 7,200 மீட்டர் நூல். 2/20 நூல் ஒரு பவுண்டுக்கு 8,400 கெஜம், அதாவது சுமார் 7,680 மீட்டர் வரும். ஆக இந்தப் பாவுக்கு 425 கிராம் போதும், சேதாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். சாதா நெசவில் ஊடைக்கும் கிட்டத்தட்ட இதே அளவு. ஒரு கிலோ வாங்கினால் பாவும் ஊடையும் முடிந்து கையிருப்பும் இருக்கும். இந்தக் கணக்கு தெரிந்தவரைக் கடைக்காரர் ஏமாற்ற முடியாது.

ஆரம்பத்தில் 2/20 அல்லது 2/40 பருத்திதான் நல்லது. ஈரிழைத் துண்டு நெய்யுங்கள். இரட்டை இழையாகப் போகிறதால் சின்னத் தவறு கண்ணுக்குத் தெரியாது, துவட்டினால் தண்ணீரை நன்றாக இழுக்கும், வீட்டிலும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். கோவைப் பக்கத்துக் கோரா காட்டன் மாதிரிப் பட்டும் பருத்தியும் கலந்த வேலையெல்லாம் கை நன்றாகத் தேறின பிறகு.

நூலுக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. கரிசல் மண்ணில் பருத்தி விளைந்தது, 1888ல் கோவையில் முதல் நூற்பாலை வந்தது, 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் வரிசையாக எழும்பின. 120 கவுண்ட் வரை நூற்கத் தாங்குகிற சுவின் பருத்தி ரகத்தையும் 1974ல் கோவையில்தான் உருவாக்கினார்கள். இவ்வளவு கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறபோது வெளிநாட்டு நூல் எதற்கு என்பது என் கட்சி.

தறி வாங்க வேண்டுமா?

உடனே வேண்டாம். கற்கிற காலம் முழுக்க என் வீட்டுத் தறியே போதும். பிறகு வாங்குவதானால் புதுத் தறி செய்யச் சொல்லாதீர்கள், விசைத்தறிக்கு மாறின வீடுகளிலும் நெசவை விட்டுவிட்ட வீடுகளிலும் நல்ல மரத்தில் செய்த பழைய தறிகள் அட்டாலியில் கிடக்கின்றன. அச்சுக்கட்டை நேராக இருக்கிறதா, நெய்த துணியைச் சுருட்டுகிற படமரம் வளைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், மீதி எல்லாம் தச்சர் சரிசெய்துவிடுவார்.

மண்தரை வீடு இருந்தால் குழித்தறி, தரையில் வெட்டின குழிக்குள் காலை விட்டு நெய்வது. நம் ஊர்க் காற்று வறண்டது, குழியிலிருந்து வரும் மண் ஈரம் நூலைப் பதமாக வைத்திருக்கும், இழை குறைவாக அறும். மாடி வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தரைக்கு மேலே மரச் சட்டத்தில் நிற்கிற சட்டத்தறிதான் வழி. கோடையில் கீழே ஈரச் சாக்கு விரித்து வையுங்கள்.

அசல் பவானி ஜமக்காளத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜமக்காளம் சட்டப்படி கைத்தறிக்கு ஒதுக்கின பொருள். 1985ல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி இப்போது 11 ரகங்கள் பட்டியலில் இருக்கின்றன, அதில் ஜமக்காளம் பெயர் சொல்லியே இருக்கிறது. அதை விசைத்தறியில் நெய்யக்கூடாது. 2005-06ல் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இருந்தும் வெளி மாநிலத்தில் விசைத்தறியில் நெய்த விரிப்புகள் பவானி பெயரிலேயே பாதி விலைக்கு வருகின்றன. நெய்கிறவர்கள் தொழிலை விட்டுப் போவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

ஓரத்தைப் பார்த்தால் தெரியும் என்று சிலர் சொல்வார்கள். நாடா வைத்த விசைத்தறியிலும் ஊடை ஓரத்தில் திரும்பித்தான் வரும், அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். கையில் எடுத்து எடை பாருங்கள், அசல் விரிப்பு கனக்கும். ஊடை நெருக்கமாக அடித்திருப்பதால் விரலால் தள்ளினால் இழை நகராது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். இவ்வளவும் பார்த்த பிறகும் சந்தேகம் இருந்தால் கூட்டுறவுச் சங்கத்தில் கைத்தறி முத்திரையோடு வாங்குங்கள். விலை கூடத்தான் இருக்கும்.

இயற்கைச் சாயம் வீட்டில் போடலாமா? ஈரோட்டு மஞ்சளே இருக்கிறதே?

போடலாம். மஞ்சளைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள், மஞ்சள்தான் முதலில் ஏமாற்றும். துணியில் உடனே பளிச்சென்று ஏறும், வேறு எதுவும் சேர்க்கவே வேண்டாம். ஆனால் வெயில் பட்டால் வெளுத்துவிடும், சோப்புப் பட்டால் சிவந்துவிடும். மஞ்சள் நிறம் நிலைக்க வேண்டுமானால் மாதுளம்பழத் தோலுக்குப் போங்கள். பழச்சாறுக் கடையில் சொல்லிவைத்தால் மூட்டையாகவே கொடுப்பார்கள், அதைக் காயவைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சளைப் போல மற்றச் சாயங்களைப் பருத்தி தானாகப் பிடித்துக்கொள்ளாது. முதலில் துணியில் இருக்கிற எண்ணெய்ப் பிசுக்குப் போக நன்றாக வேகவைத்து அலச வேண்டும். அப்புறம் துணியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு கடுக்காய்த் தூளில் ஊறவைத்துக் காயவைத்து, பிறகு படிகாரக் கரைசலில் போட வேண்டும். இந்த இரண்டும் ஒழுங்காக நடந்திருந்தால் மஞ்சிட்டி வேர் நல்ல சிவப்புக் கொடுக்கும். வெல்லத் தண்ணீரில் துருப்பிடித்த இரும்பை இரண்டு மூன்று வாரம் ஊறவைத்து வடித்த நீரில் கடுக்காய்த் துணியைப் போட்டால் கண் முன்னாலேயே கறுக்கும். இரும்பு நீரை மட்டும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள், கூடினால் நாளடைவில் துணி இற்றுவிடும்.

நீலம் கொடுக்கிற அவுரி வேறு ஜாதி. அவுரிக் கட்டி தண்ணீரில் கரையவே கரையாது. பானையில் தகரை விதையை வேகவைத்து ஊற்றி, சுண்ணாம்பும் பொடித்த அவுரியும் சேர்த்து மூடிவைத்தால் அது நொதித்து, காற்று இல்லாத நிலையில் அவுரி கரைகிற வடிவத்துக்கு மாறும். தயாரான பானையை மூக்காலேயே கண்டுபிடிக்கலாம். மேலே செம்பு நிறத்தில் ஏடு கட்டியிருக்கும், அதை ஒதுக்கினால் கீழே தண்ணீர் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும், நீலமே தெரியாது. நனைத்துப் பிழிந்த துணியைக் குமிழி கிளம்பாமல் மெதுவாக உள்ளே இறக்க வேண்டும், காற்றுப் போனால் பானை கெடும். வெளியே எடுத்ததும் துணி பச்சையாக இருக்கும். பிரித்துப் பிடியுங்கள். ஓரத்திலிருந்து நீலம் ஓடிவரும், மடிப்புக்குள் பச்சை கொஞ்ச நேரம் நிற்கும், அப்புறம் அதுவும் நீலமாகிவிடும். ஆழ்ந்த நீலம் வேண்டுமானால் ஒரே முறையில் நெடுநேரம் ஊறவைத்துப் பயனில்லை, சின்னச் சின்ன முக்காகப் பல தடவை, ஒவ்வொரு தடவையும் காற்றாடவிட்டு மறுபடி முக்க வேண்டும்.

அப்படியானால் கெமிக்கல் சாயம் கெடுதலா?

அப்படி ஒரே வார்த்தையில் முடிக்க எனக்கு இஷ்டமில்லை. நொய்யல் கரைக்காரர்கள் பட்டது நம் எல்லோருக்கும் தெரியும். பாசனத்துக்காகக் கட்டி 1992ல் முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கி, கீழே இருந்த காடும் கிணறும் பாழாயின. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லியது. நிறைய பேர் நிறத்தைத்தான் நஞ்சு என்று நினைக்கிறார்கள், பெரிய சிக்கல் உப்பு. இன்றைய பனியன் துணிக்குப் போடுகிற ரியாக்டிவ் சாயம் பருத்தியில் ஏற உப்பு ஏராளமாக வேண்டும். நிறத்தைப் பிரித்துவிடலாம், கரைந்த உப்பைப் பிரிப்பதுதான் செலவு. இப்போது கழிவை வெளியே விடாமல் தண்ணீரையும் உப்பையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகிற முறை வந்திருக்கிறது.

வீட்டில் செய்கிறவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். நான் இரண்டு வகைச் சாயமும் போடுகிறேன். ஜமக்காளத்தின் அந்த அடர்ந்த சிவப்பும் பச்சையும் வேண்டுமானால் கெமிக்கல் சாயம்தான், ஆனால் அதைப் பொதுச் சுத்திகரிப்பு உள்ள பட்டறையில் கொடுத்துத்தான் வாங்குகிறேன். பின்கட்டில் அவுரியும் கடுக்காயும் மட்டும். இரும்பு நீரையும் படிகார நீரையும் செடிக்கு ஊற்றாதீர்கள், இயற்கை என்று பெயர் வைத்துவிட்டதாலேயே மண்ணுக்கு ஒத்துவந்துவிடாது.

பனியன் வேஸ்ட்டில் விரிப்பு நெய்வது எப்படி?

திருப்பூரில் கட்டிங் வேஸ்ட் கிலோக் கணக்கில் கிடைக்கும், மெஷின் துடைக்கவும் வாங்கிப் போவார்கள். வாங்கும்போது கையால் இழுத்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி நீண்டு சட்டென்று திரும்பினால் அதில் லைக்ரா கலந்திருக்கிறது, விரிப்பு நாளாக நாளாகச் சுருங்கிக் கோணிக்கொள்ளும், அது வேண்டாம். சாதாரணச் சிங்கிள் ஜெர்சிதான் நல்லது. அகலவாக்கில் முக்கால் அங்குலப் பட்டையாக வெட்டி இரண்டு கையாலும் இழுத்தால் ஓரங்கள் சுருண்டு கயிறாகிவிடும். நீளவாக்கில் வெட்டினால் சரியாகச் சுருளாது, பொடி உதிரும். பட்டைகளைத் தைக்க வேண்டாம், இரண்டு நுனியிலும் சின்னத் துளை போட்டு ஒன்றுக்குள் ஒன்றை விட்டு இழுத்தால் பூட்டிக்கொள்ளும்.

பாவு மட்டும் உறுதியாக, முறுக்கேறின பருத்தியாக இருக்கட்டும். ஊடையை இழுத்து வைக்காமல் வில்லாக வளைத்துவிட்டு அச்சை அடியுங்கள், இல்லையென்றால் விரிப்பு நடுவில் இடுப்புக் குறுகிப்போகும். கற்றுக்கொள்ள வருகிற பெண்கள் முதலில் விற்பது இதைத்தான், கால்மிதிக்கு எப்போதும் ஆள் உண்டு.

விலை எப்படிப் போடுவது? ஈரோட்டுச் சந்தையில் இதைவிட மலிவாகக் கிடைக்கிறதே?

கிடைக்கும். திங்கட்கிழமை ராத்திரி கனி மார்க்கெட்டுக்குப் போனால் நம்மால் நூல்கூட வாங்க முடியாத விலைக்குத் துண்டு கிடைக்கும். அதோடு போட்டி போட முடியாது, போடவும் வேண்டாம்.

என் பில்லில் கணக்கை ஐந்து வரியாகப் பிரித்து எழுதியிருப்பேன். நூல், சாயம், பாவு வேலை, நெசவு, முடிப்பு. பாவு வேலைக்கும் நெசவுக்கும் மணிக்கு ஒரே கூலி. தார் சுற்றுகிறவருக்கும் அதே கூலி. பாவு வேலை என்கிற வரியைப் பார்த்து இது என்ன புதுசாக இருக்கிறது என்று கேட்கிறார்கள். புதுசு ஒன்றுமில்லை, அந்த வேலை எப்போதும் நடந்துகொண்டுதான் இருந்தது, யாரும் பில்லில் எழுதவில்லை, அவ்வளவுதான். அம்மாவும் மகளும் மருமகளும் இலவசமாகச் செய்து கொடுத்ததால்தான் கைத்தறித் துணி இத்தனை காலம் அந்த விலைக்குக் கிடைத்தது. இளவட்டங்கள் தறிக்கு ஏன் வருவதில்லை என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

என்னிடம் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு நான் போடுகிற ஒரே நிபந்தனையும் இதுதான். சொந்தமாகத் தொழில் வைத்தால் பாவுக்கு உதவுகிறவருக்குக் கூலி கொடுங்கள், அது உங்கள் அம்மாவாக இருந்தாலும் சரி. அம்மா வாங்க மாட்டேன் என்பார். அவர் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கும் இல்லையா, அதில் போட்டுவிடுங்கள். விலை கூடிப்போனால் கொஞ்சம் குறைவாக நெய்யுங்கள், ஆனால் அந்த வரியை மட்டும் அழிக்காதீர்கள்.

சுவரில் மாட்டுகிற துணிகளை எதற்காக நெய்கிறீர்கள்? அதை யார் வாங்குகிறார்கள்?

ஜமக்காளம் நெய்கிறபோது அளவு, நிறம், பட்டை எல்லாம் ஏற்கெனவே முடிவானவை. சுவர்த் துணியில் தறியிடமே கேட்டுப் பார்க்கலாம். இப்போது நெய்துகொண்டிருப்பது பாவு பிணைத்த இடங்களைக் காட்டுகிற துணி. சாதாரணமாகப் பிணைப்பு விழுகிற பகுதியை வெட்டித் தள்ளிவிடுவோம். அதை வெட்டாமல் துணிக்கு நடுவிலேயே வரவைத்து, அந்த இடத்தில் ஊடையை நெருக்காமல் தளர்த்தி விடுகிறேன். பிணைத்த வால்கள் எல்லாம் ஒரே வரிசையில் மயிர் மாதிரித் துருத்திக்கொண்டு நிற்கும். வெவ்வேறு பெண்கள் பிணைத்ததால் ஒருவருடைய வால் நீளம், ஒருவருடையது இறுக்கம், சாம்பல் அதிகம் தொட்டவருடைய இடம் லேசாகச் சாம்பல் பூத்திருக்கும். யார் பிணைத்தது என்று அவரவர் வந்து விரலை வைத்துக் காட்டிவிடுவார்கள். இந்தத் துணி விற்கும்போது பிணைத்த எல்லோருக்கும் பங்கு உண்டு. வாங்குகிறவர்கள் கோவையில், சென்னையில் வீடு கட்டுகிறவர்கள், சில சமயம் அலுவலகங்கள்.

பள்ளிக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பீர்களா?

ரொம்பப் பிடித்த வேலை. குழந்தைகளுக்குத் தறி வேண்டாம், அட்டை போதும். பழைய ஜக்கார்டு அட்டை கிடைத்தால் விசேஷம், அதில் இருக்கிற துளைகள்தான் ஒரு காலத்தில் சேலைக்கு எந்த இழை தூக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தன என்றால் கண்ணை விரித்துக் கேட்பார்கள். அட்டையின் மேலும் கீழும் வெட்டுப் போட்டு நூலை மாட்டி, பனியன் பட்டையை மேலே கீழே மேலே கீழே என்று விடச் சொல்லுங்கள். எட்டு வயதுக்கு மேல் நன்றாக வரும். ஆசிரியர்களுக்கு ஒன்று: பாவு மாட்டுவதையும் குழந்தைகளையே செய்யவிடுங்கள், நீங்கள் மாட்டிக்கொடுத்தால் பாதிப் பாடம் போய்விடும்.

முறையான படிப்பு வேண்டுமென்றால் எங்கே போவது?

சேலத்தில் 1960 முதல் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, அங்கே மூன்றாண்டு டிப்ளமோ. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் கட்டாயம் விசாரித்துப் பாருங்கள். கை நூற்பில் ஆசை இருக்கிறவர்கள் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் 1925ல் ராஜாஜி தொடங்கின காந்தி ஆசிரமத்தைப் போய்ப் பார்க்கலாம். ராட்டையில் நூல் இழுக்கத் தெரிந்துவிட்டால் கவுண்ட் என்பது எண்ணாக இல்லாமல் விரலுக்கே தெரியும்.

முதுகுவலி இருக்கிறது, நெய்யலாமா?

டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள். குழித்தறியைவிடச் சட்டத்தறி உங்களுக்குச் சௌகரியம். பலகை உயரத்தை ஆளுக்குத் தகுந்தபடி மாற்றித் தருவேன். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும், இது வலி இல்லாதவர்களுக்கும் சேர்த்துத்தான். பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எப்போது வரலாம்? என்ன கொண்டுவர வேண்டும்?

தை முதல் ஆனி வரை பாவு வகுப்பு, ஏனென்றால் கஞ்சி போட்ட பாவு காய வெயில் வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் பாவு நீட்ட முடியாது, அந்த மாதங்களில் பனியன் விரிப்பும் அட்டைத் தறியும் சொல்லிக்கொடுக்கிறேன். ஆடிப்பெருக்கை ஒட்டிக் கூடுதுறையில் கூட்டம் அலைமோதும், பவானிக்குள் பஸ் நகராது, அந்த வாரம் மட்டும் வகுப்பு இல்லை.

பாவு நீட்டுகிற நாளில் விடியற்காலை ஐந்து மணிக்கு இருக்க வேண்டும், தூரத்துக்காரர்கள் முந்தின நாள் ராத்திரியே வந்து எங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளலாம். நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வாருங்கள், நீண்ட நகத்தோடு இழை பிணைக்க வராது. வளையல், மோதிரம் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சாயம் பட்டால் பரவாயில்லை என்கிற பழைய உடுப்பு ஒன்று, சின்னக் கத்தரிக்கோல் ஒன்று. நூலும் சாம்பலும் இங்கே இருக்கிறது.